பச்சை வட்டிலின் இன்னொரு மீன்

அந்தக் காலத்தில் கடலுக்குள் இருப்பவை எல்லாம் பேசின. கரையில் இருப்பவர்களும் அதைக் காதுகொடுத்துக் கேட்டுப் பதில் சொன்னார்கள். அப்போது பேய்க்கணவாய்க்குப் பேய் என்ற பட்டம் கிடையாது. வெறும் கணவாய்தான். எட்டுக் கை இருந்ததால் அக்கம்பக்கத்தில் எட்டுக்கையாள் என்று கூப்பிடுவார்கள். அவள் முதுகில் ஒரு சங்கும் இருந்தது.

இதை நம்ப மாட்டேன் என்பவர்கள் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டுப் போகட்டும். நத்தைக்கு ஓடு உண்டு. சிப்பிக்கு உண்டு. இவளுக்குச் சொந்தக்காரியான ஓட்டுக்கணவாய்க்குக்கூட உடம்புக்குள் வெள்ளையாய் ஒன்று உண்டு. இவளுக்கு மட்டும் ஏன் இல்லை? பிறவியிலேயே கிடையாது என்று சொல்லி முடித்துவிடலாம். இழந்தவளைப் பார்த்து, உனக்கு அது எப்போதுமே இருந்ததில்லை என்று சொல்வது எல்லாக் காலத்திலும் சுலபமாகத்தான் இருந்திருக்கிறது.

இருந்தது. அவளே சுரந்து, அவளே கட்டிய சங்கு. வெளியே சாம்பல், உள்ளே இளஞ்சிவப்பு. பயந்தால் உள்ளே போய்விடுவாள். பயம் தெளிந்ததும் ஒவ்வொரு கையாக வெளியே விடுவாள்.

அவள் இருந்தது மன்னார்க் கடலில் ஒரு பாரில். கடலுக்கடியில் இருக்கும் பாறைத்திட்டைத்தான் பார் என்பார்கள். அந்தப் பாருக்கு ஒரு வழக்கம் உண்டு. மேலிருந்து எது விழுந்தாலும் முதலில் தொட்டவருக்குச் சொந்தம். வேண்டுமானால் ஒருவருக்கொருவர் மாற்றிக்கொள்ளலாம். மாற்றிய பிறகு மனம் கேட்கவில்லை என்றால், நீவாடு திரும்புவதற்குள் திருப்பிக் கேட்டுவிட வேண்டும். நீவாடு என்பது கடலுக்குள் ஓடும் ஓட்டம். ஒரு பக்கமாக ஓடி, கொஞ்சம் நின்று, மறுபக்கமாக ஓடும். அது திரும்பிய பிறகு அழுதாலும் கிடைக்காது.

ஒரு வாடைக்காற்றுக் காலத்தில் சீனத்துக் கலம் ஒன்று அந்தப் பாரில் மோதியது. ஆட்கள் தோணிகளில் ஏறித் தப்பிக் கரை சேர்ந்துவிட்டார்கள். சரக்கு கீழே வந்தது. பெரிய பெரிய சாடிகள், அவற்றுக்குள் வைக்கோலைத் திணித்து, வைக்கோலுக்குள் அடுக்கடுக்காக வட்டில்கள். சோறு உண்ணும் வட்டில்கள்தாம். ஆனால் பச்சை. சாடிகள் பாறையில் பட்டு உடைய, வட்டில்கள் ஒவ்வொன்றாக அசைந்து அசைந்து இறங்கின.

பாரில் இருந்தவர்களுக்குக் கொண்டாட்டம். அஞ்சாளை என்ற பாம்புமீன் தன் பொந்துக்குள் ஒன்றை இழுத்துப்போட்டுத் தலைவைத்துப் படுத்தாள். இறால்கள் ஒன்றைக் கவிழ்த்துக் கூரையாக்கின. எட்டுக்கையாள் எதையும் தொடவில்லை. வீட்டை முதுகிலேயே வைத்திருப்பவளுக்குப் பாத்திரம் எதற்கு?

ஒருநாள் அவள் மொட்டையனைப் பார்க்கப் போனாள். மொட்டையன் ஒரு நண்டு. முன்பக்கம் எல்லா நண்டையும் போலக் கொடுக்கும் கெட்டி ஓடுமாக இருப்பான். பின்பக்கம் ஓடே இல்லை, வெறும் சதை. எது கிடைத்தாலும் அதற்குள் பின்புறத்தைப் பதித்து மறைத்துக்கொள்வான். அன்று ஒரு பச்சை வட்டிலுக்குள் உட்கார்ந்திருந்தான்.

"உள்ளே யார்டா அது?" என்றாள்.

"எங்கே அக்கா?"

"உனக்கு அடியில. ரெண்டு பேர்."

மொட்டையன் நகர்ந்து பார்த்தான். "இவங்களா? வந்த நாளிலிருந்து இப்படித்தான் கிடக்காங்க. கடிச்சுக்கூடப் பார்த்தேன். அசையல."

"கடிச்சியா!"

அவள் அவனை ஒரு கையால் தள்ளிவிட்டுக் குனிந்தாள். வட்டிலின் நடுவில் இரண்டு மீன்கள், ஒன்றின் வாலை ஒன்று பார்த்தபடி. அவற்றின் மேல் பச்சை. பாசியின் பச்சையோ கிளிமீனின் பச்சையோ அல்ல. மேகம் மூடிய பகலில் கழிமுகத்துத் தண்ணீர் அசையாமல் நின்றால் ஒரு நிறம் வருமே, அது. மேலே பூசியது போல இல்லை. பார்க்கப் பார்க்க உள்ளே போய்க்கொண்டே இருந்தது.

"எந்தக் கடல் நீங்க?" என்று கேட்டாள்.

மீன்கள் பேசவில்லை. பேசாத ஒன்றை அவள் அதுவரை பார்த்ததே இல்லை. அந்தக் காலத்தில் யாரும் பார்த்ததில்லை. கல்லைத் தவிர எல்லாம் பேசின. கல் இவ்வளவு அழகாக இருக்காது. ஆகவே அவர்கள் பேசத் தெரியாதவர்கள் அல்ல, பேச விரும்பாதவர்கள் என்று அவள் முடிவுகட்டினாள். அதில் என்ன தவறு என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

"டேய் மொட்டையா, நாள் முழுக்க உன் பின்புறத்தையே பார்த்துக்கிட்டிருந்தா யாருக்குடா பேசத் தோணும்? இதை எனக்குக் குடு."

"குடுத்துட்டு நான் எதுல உட்கார்றது?"

"வேற வட்டில் தேடித் தரேன்."

"வட்டில் வழுக்குது அக்கா. நடக்கும்போது கழண்டுபோகுது." அவன் அவள் முதுகைப் பார்த்தான். விளையாட்டாகத்தான் கேட்டான். "உன் சங்கைக் குடேன்."

பக்கத்துப் பொந்திலிருந்து அஞ்சாளை சிரித்தாள். "கேளுடா கேளு. அப்படியே அவ எட்டுக் கையில நாலையும் கேட்டு வாங்கிக்கோ."

எட்டுக்கையாள் சிரிக்கவில்லை. கணவாய்க்கு இதயம் மூன்று. மூன்றும் ஒரே பக்கமாகச் சாய்ந்துவிட்டால் நிறுத்த ஆள் கிடையாது. அவள் சங்கைக் கழற்ற ஆரம்பித்தாள். நகத்தைச் சதையிலிருந்து பிரிப்பது மாதிரி வலித்தது. கழற்றி முடித்தபோது கடல் முதல்முறையாக அவள் முதுகில் பட்டது. குளிர்ந்தது.

மொட்டையன் பயந்துபோனான். சங்குக்குள் பின்புறத்தை வைத்துப் பார்த்தான். அளவெடுத்துச் செய்தது போலப் பொருந்தியது. அதுவும் அவனுக்குப் பயமாக இருந்தது. "அக்கா, நீவாடு திரும்ப இன்னும் நேரம் இருக்கு. நான் எங்கேயும் போகல. இங்கேயே நிக்கிறேன். வேணும்னா சொல்லு."

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. வட்டிலைச் சுற்றி எட்டுக் கையையும் போட்டுக்கொண்டு மீன்களின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்த பாசி நிமிர்ந்தது. அசையாமல் நின்றது. பிறகு மறுபக்கம் சாய்ந்தது.

"சரி அப்ப," என்று சொல்லிவிட்டு மொட்டையன் புதுச் சங்கை இழுத்துக்கொண்டு மெல்ல நடந்தான்.

மீன்கள் அன்றும் பேசவில்லை. மறுநாளும் பேசவில்லை. அவள் தன் உடம்பின் நிறத்தை மாற்றிப் பார்த்தாள். கணவாய்க் குலத்துக்கே அந்த வித்தை உண்டு. சிவந்தாள், வெளுத்தாள், பவளம் ஆனாள், மணல் ஆனாள். தங்கள் நிறத்தில் ஒருத்தியைக் கண்டால் அவர்கள் வாய் திறக்கலாம் என்று பச்சையும் ஆனாள். பாசிப்பச்சை வந்தது, கிளிப்பச்சை வந்தது. அந்தப் பச்சை மட்டும் வரவில்லை.

பிறகுதான் அவளுக்கு ஒன்று தோன்றியது. இவர்கள் ஊர் விட்டு வந்தவர்கள். கூட வந்தவை எல்லாம் சிதறிக் கிடக்கின்றன. ஊர் நினைப்பு தொண்டையை அடைத்துக்கொண்டால் பேச்சு எப்படி வரும்?

அன்றிலிருந்து அவள் பச்சை வட்டில்களைச் சேர்க்கத் தொடங்கினாள். இறால்களுக்கு வேறு கூரை போட்டுக்கொடுத்துத் தூக்கி வந்தாள். மணலில் புதைந்ததைத் தோண்டி எடுத்தாள். அஞ்சாளையின் தலையணைக்காக நாள் கணக்கில் அவளுக்கு இரை பிடித்துக் கொடுத்தாள். கொண்டுவந்ததை எல்லாம் மீன் வட்டிலைச் சுற்றி வைத்தாள். உடைந்த சில்லுகளையும் விடவில்லை.

"முழுசு சரி. உடைஞ்சது எதுக்குடி உனக்கு?" என்றாள் அஞ்சாளை.

"உடைஞ்சதும் அவங்க ஊர்தானே."

"முதுகைப் பாரு, தோலுரிச்ச மாதிரி இருக்கு. உன்னை முழுங்கக் களவாமீன் வந்தா எங்கே ஒளிவே? இந்தச் சில்லுக்குள்ளயா?"

"வந்தா பார்த்துக்கலாம்." அவள் மீன்களின் பக்கம் திரும்பிக்கொண்டாள். "கேட்டீங்களா இவ பேச்சை? மனசுல வெச்சுக்காதீங்க. நல்லவதான், வாய்தான் அப்படி. இன்னைக்குத் தண்ணி கலங்கல். நாளைக்குத் தெளிஞ்சிடும்."

இப்படித்தான் பேசுவாள். பதில் வருவதற்கு இடம் விட்டுவிட்டுப் பேசுவாள்.

இதைக் கேட்டுச் சிரிப்பவர்கள் கொஞ்சம் கரைக்கு வர வேண்டும். கரையில் குணவன் செட்டியார் என்று ஒருவர் இருந்தார். அவரும் பச்சை வட்டில்தான் சேர்த்தார். கூடத்துச் சுவரில் வரிசையாக மாடக்குழிகள், குழிக்கு ஒரு வட்டில், முன்னால் பட்டுத்திரை. அந்த வட்டில்களில் ஒருநாளும் ஒரு பருக்கை சோறு விழுந்ததில்லை. விருந்தாளி வந்தால் திரையை விலக்குவார், ரசிக்க விடுவார், மூடிவிடுவார். அவரை ஊரே ரசனைக்காரர் என்று சொன்னது. எட்டுக்கையாள் செய்ததையே செய்தவர், அவற்றோடு ஒரு வார்த்தை பேசாமல் செய்தவர்.

அந்த வீட்டுக்கு ஒருநாள் நாச்சி போனாள். சங்கு குளிக்கும் கூத்தனின் மனைவி. கழுவித் துடைத்த சங்குகளைக் கூடையில் கொடுக்கப் போனவள், திரை விலகியிருந்ததைப் பார்த்துவிட்டாள். நடுக்குழியில் இருந்த வட்டிலில் இரண்டு மீன்கள். அவளுக்குத் தெரியாமலே அவள் விரல் போய் ஒரு மீனைத் தொட்டது.

"கையை எடு!" என்றார் செட்டியார். "மீன் பிடிக்கிற கை. வாடை ஒட்டிக்கும்."

"மீன் மேல மீன் வாடை ஒட்டினா என்ன செட்டியாரே? அதுக்குப் பழக்கம்தானே?" என்று சொல்லிவிட்டு நாச்சி கூடையை இறக்கினாள். செட்டியார் திரையை இழுத்து மூடினார்.

வீட்டுக்கு வந்து கூத்தனிடம் செட்டியாரைப் போலவே நடித்துக் காட்டிச் சிரித்தாள். சிரித்து முடித்ததும் கஞ்சியை எடுத்து முன்னால் வைத்துக்கொண்டு குடிக்காமல் இருந்தாள்.

"என்ன புள்ள?"

"ஒண்ணுமில்ல. அந்த வட்டில்ல கஞ்சி ஊத்தினா மீன் மறைஞ்சிடும். குடிக்கக் குடிக்க மேல வரும். கடைசி வாய்க்கு ரெண்டும் வந்து நிக்கும். அதுக்காகத்தானே செஞ்சிருக்கான் அந்தச் சீனத்துக்காரன்? அந்த வீட்டுல அது ஒருநாளாவது வந்து நிக்குமா?"

கூத்தன் மறுநாள் காலையில் தோணியை எடுத்தான். சீனக் கலம் உடைந்த பார் எது என்று அவனுக்குத் தெரியும். கயிறு பிடிக்க நாச்சியின் தம்பி செம்பன் வந்தான். சங்கு குளிப்பவர்கள் கயிற்றை மனைவியின் உடன்பிறந்தான் கையில்தான் கொடுப்பார்கள். அக்காள் தாலியை நினைத்தாவது கண்ணை மூடாமல் பிடிப்பான் என்று ஒரு நம்பிக்கை.

கூத்தன் கல்லைக் கட்டிக்கொண்டு இறங்கினான். அந்தக் காலத்தில் மனிதர்கள் தண்ணீருக்கு அடியிலும் பேசுவார்கள். என்ன, மூச்சு பற்றாது. ஓரிரண்டு பேச்சுப் பேசிவிட்டு மேலே போய்க் காற்றை வாங்கிக்கொண்டு மறுபடி வர வேண்டும்.

"அடேயப்பா, எவ்வளவு வட்டில்!" என்றான் கூத்தன். மூச்சு முடிந்தது. மேலே போனான்.

திரும்பி வந்து, "ஒண்ணு குடு தாயி. வீட்டுக்காரி கஞ்சி குடிக்க," என்றான்.

கேட்ட விதம் எட்டுக்கையாளுக்குப் பிடித்திருந்தது. "எடுத்துக்கோ. விரிசல் இல்லாததாப் பார்த்து எடு."

அவன் கண் எல்லாவற்றையும் தாண்டி அவள் மடிக்குப் போனது. "மீன் போட்டது இருக்கே, அதைக் குடு."

"அது வட்டில் இல்ல. அது அவங்க வீடு."

"யார் வீடு?" என்று கேட்டுவிட்டு மூச்சு தாங்காமல் மேலே போனான். அவன் வரும்வரை அவள் வட்டிலை இன்னும் கொஞ்சம் நெருக்கி அணைத்தாள்.

"இவங்க ரெண்டு பேர் வீடு," என்றாள் அவன் வந்ததும். "இன்னும் பேசல. பேசுவாங்க. ஊர் ஞாபகம்."

கூத்தன் அவளைப் பார்த்தான். ஓடில்லாத முதுகைப் பார்த்தான். சுற்றிலும் குவிந்திருந்த பச்சைச் சில்லுகளைப் பார்த்தான். அவனுக்குப் பாவமாக இருந்தது. பாவமாக இருந்ததால்தான் அதைச் சொன்னான்.

"தாயி, அது மண்ணு."

சொல்லிவிட்டு மேலே போய்விட்டான். மேலே அவன் செம்பனிடம் தண்ணீர் வாங்கிக் குடித்து, நெஞ்சைத் தடவிக்கொண்டு, நிதானமாக மூச்சு வாங்கினான். அவ்வளவு நேரமும் அவள் அந்தச் சொல்லோடு கீழே தனியாக இருந்தாள். ஒரு கை நுனியால் ஒரு மீனின் முதுகைத் தடவினாள். வழவழப்பாக இருந்தது. குளிர்ந்தது. இத்தனை நாளும் அப்படித்தான் இருந்தது. அஞ்சாளை பொந்திலிருந்து தலையை நீட்டினாள். எப்போதும் ஏதாவது சொல்பவள் அன்று ஒன்றும் சொல்லவில்லை. எட்டுக்கையாளுக்கு அதுதான் பயமாக இருந்தது.

கூத்தன் வந்தான். "செட்டியார் வீட்டு வட்டில்லயும் இதே மாதிரி ரெண்டு இருக்கு. அச்சுல அழுத்தி ஒட்டிச் சுடுறது. சத்தியமா மண்ணு."

"அங்கேயும் ரெண்டு பேர் இருக்காங்களா?" அவள் நிமிர்ந்தாள். "அவங்க பேசுறாங்களா?"

"பேசுறதா? திரை போட்டு மூடி வெச்சிருக்கார்."

"மூடி வெச்சா எப்படிப் பேசுவாங்க?"

கூத்தனுக்கு மூச்சு முடிந்தது. மேலே போகும்போது நாச்சி குடிக்காமல் வைத்த கஞ்சி அவன் நினைவுக்கு வந்தது. அடுத்த முறை இறங்கியவன் பேசவில்லை. இரண்டு கையாலும் வட்டிலின் விளிம்பைப் பிடித்தான்.

அவள் எட்டுக் கையாலும் பிடித்தாள். இரண்டு கைக்கு எட்டுக் கை விட்டுக்கொடுக்காது. ஆனால் அவன் இடுப்பில் கயிறு இருந்தது. கயிற்றின் மறுமுனையில் செம்பன் இருந்தான். மூச்சு முடிகிற நேரத்தில் கூத்தன் கயிற்றைக் காலால் சுண்டினான். சுண்டினால் இழுக்க வேண்டும் என்பது செம்பனுக்குத் தெரியும். அக்காளை நினைத்துக்கொண்டு பலமாக இழுத்தான்.

ணிங்.

வட்டில் இரண்டு மீனுக்கும் நடுவே பிளந்தது. நன்றாகச் சுட்ட சீனத்து மண் உடைந்தால் அப்படித்தான் ஒலிக்கும். வெண்கலத்தைத் தட்டியது போல, மெல்லிசாக, நீளமாக. தண்ணீருக்குள் அது பாரின் கடைக்கோடி வரை போய்த் திரும்பி வந்தது.

எட்டுக்கையாள் கேட்டாள். அவர்கள் பேசிவிட்டார்கள். இத்தனை நாள் வாய் திறக்காதவர்கள், ஒருவரையொருவர் பிரியும்போது ஒரே ஒரு சொல் சொன்னார்கள். அந்த மொழி அவளுக்குத் தெரியாது. ஆனாலும் புரிந்தது. மண் என்றானே! மண்ணா கத்தும்?

ஒரு பாதி கூத்தனோடு மேலே போனது. மறுபாதியை அணைத்துக்கொண்டு அவள் மையைக் கக்கிவிட்டு, பாறை இடுக்குகளில் மிகக் குறுகலான ஒன்றுக்குள் போய்ச் செருகிக்கொண்டாள். சங்கு இருந்திருந்தால் அதற்குள் போயிருக்க முடியாது.

கரையில் நாச்சி பாதி வட்டிலை வாங்கித் தண்ணீரில் அலசினாள். உள்ளங்கையில் வைத்துத் திருப்பிப் பார்த்தாள்.

"இன்னொண்ணு எங்கே?"

"அவகிட்ட."

"எவகிட்ட?"

கூத்தன் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னான். பொய் சொல்லத் தெரியாதவன். நாச்சி கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"மண்ணுன்னு சொன்னீங்களா அவகிட்ட?"

"மண்ணுதானே புள்ள?"

"மண்ணுன்னு எனக்கும் தெரியும். நான் அதுல கஞ்சி குடிக்கணும்னு ராத்திரி பகலா நினைச்சேன். அவ அதுகூடப் பேசணும்னு நினைச்சிருக்கா. என் நினைப்பு உசத்தி, அவ நினைப்பு பைத்தியமா?"

"உனக்காகத்தான்..."

"எனக்காகன்னு சொல்லி என் தலையில கட்டாதீங்க. ஒத்தை மீனை வெச்சுக்கிட்டு நான் என்ன செய்ய? கொண்டுபோய்க் குடுத்துட்டு வாங்க."

கூத்தன் போனான். அவன் கால் தண்ணீருக்கு அடியில் தெரிந்தாலே எட்டுக்கையாள் மையைக் கக்கிவிட்டு மறைந்துவிடுவாள். கல்லோடு கல்லாக, பாசியோடு பாசியாக நிறம் மாறி ஒட்டிக்கொண்டால் யாரால் கண்டுபிடிக்க முடியும்? எத்தனை முறை இறங்கியும் பயனில்லை. என்னைப் பார்த்தால்தானே பயம் என்று நினைத்தான். பாதி வட்டிலைக் கயிற்றில் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டி, தான் இறங்காமல் அதை மட்டும் இறக்கினான். அவளுடைய சில்லுக் குவியலுக்கு நேர் மேலே தோணியை நிறுத்திக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான்.

"மச்சான்," என்றான் செம்பன், "பிடிச்சதைத் திருப்பிக் குடுக்கத் தூண்டில் போட்ட ஆளை நான் இன்னைக்குத்தான் பார்க்கிறேன்."

"சும்மா இருடா."

கீழே, இடுக்குக்குள் இருந்து அவள் பார்த்தாள். மேலிருந்து கயிறு வருகிறது. நுனியில் ஏதோ ஒன்று. அதன் முதுகுப்பக்கம்தான் அவளுக்குத் தெரிந்தது. வட்டிலின் அடியில் பச்சை ஏறாமல் செங்கல் நிறத்தில் ஒரு வளையம் இருக்கும். அதில் பாதி வளையம். எப்போதும் வட்டில்களின் முகத்தையே பார்த்தவளுக்கு, அந்தப் பயத்தில் அது என்னவென்று தெரியவில்லை. தெரிந்தது கயிறு மட்டும்தான். கயிற்றோடு வந்தவன்தான் இழுத்தான்.

அவள் தன் பாதியை மார்போடு இறுக்கினாள். போக மாட்டேன் என்றாள்.

தொங்கியது அசைந்து ஒரு பாறையில் மெல்ல இடித்தது. ணிங். மிகச் சின்னதாக.

மூன்று இதயமும் நின்று துடித்தன. ஒரு கை தானாக வெளியே நீண்டது. அவள் அதைப் பிடித்து உள்ளே இழுத்தாள். குரலை வைத்து ஏமாற்றுகிறார்கள் என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். ஒருமுறை ஏமாந்தது போதும். போக மாட்டேன்.

பாசி நிமிர்ந்தது. அசையாமல் நின்றது. பிறகு மறுபக்கம் சாய்ந்தது.

நீவாடு திரும்பிய வேகத்தில் தோணி இழுபட்டது. கயிறு பவளப்பாறையின் விளிம்பில் உரசி, உரசி, அறுந்தது. பாருக்கு வெளியே கடல் சட்டென்று ஆழமாகி இருளும் பக்கத்தில், பாதி வட்டில் விழுந்துகொண்டே போனது. மேலே கூத்தன் கையில் வெறுங்கயிறு வந்தது. வாங்கிக்கொண்டாள் என்று நினைத்துச் சந்தோஷமாகக் கரைக்குப் போனான். அவன் வாழ்நாள் முழுக்க அப்படித்தான் நினைத்தான். நாச்சியும் அதை நம்பி, தன் பழைய மண்சட்டியில் கஞ்சியை ஊற்றிக் குடித்தாள்.

மாலையில் மொட்டையன் வந்தான். அவளுடைய சங்கு அவன் முதுகில் நன்றாகப் பழகியிருந்தது.

"அக்கா, ஏன் நீ போகல?"

"எங்கே?"

"உன் மீன் வந்துச்சே. கயிற்றில கட்டி விட்டிருந்தாங்க. நான் அந்தப் பக்கம் இருந்தேன், முகம் என் பக்கம்தான் இருந்துச்சு. உனக்குத் தெரியும்னு நினைச்சேன்."

அவள் தன் பாதியைத் திருப்பி, அடியில் இருந்த செங்கல் நிற வளையத்தைப் பார்த்தாள்.

"நீவாடு?" என்று கேட்டாள்.

"திரும்பிடுச்சு அக்கா."

அவள் பாரின் விளிம்புக்குப் போனாள். விளிம்பைத் தாண்டி இறங்கினாள். ஒளி முடியும் இடம் வரை போனாள், அதற்குக் கீழேயும் போனாள். குளிர் அவளுடைய வெறும் முதுகைக் கவ்வியது. கையால் தடவித் தடவித் தேடினாள். கிடைத்தவை கல்லும் செத்த சிப்பியும்தான். அவற்றையும் எடுத்துக்கொண்டு திரும்பினாள். முகம் காட்டாமல் வந்த மீன் இனி எதுவாகவும் வரலாம், எந்த உருவத்திலும் வரலாம் என்று அவளுக்கு இப்போது தோன்றிவிட்டது.

அதற்குப் பிறகு பாரில் எல்லாரும் மெல்ல மெல்லப் பேச்சை விட்டார்கள். முதலில் விட்டவள் அவள்தான்.

இன்றைக்கும் பேய்க்கணவாய் இருக்கும் பொந்தை அதன் வாசலை வைத்தே கண்டுபிடித்துவிடலாம். சிப்பி, ஓட்டுத்துண்டு, கண்ணாடிச் சில்லு, கழுத்து உடைந்த சீசா என்று ஏதாவது குவிந்து கிடக்கும். தின்று போட்ட குப்பை என்கிறார்கள். தின்ன முடியாத கண்ணாடியை யார் தின்று போட்டார்கள் என்று கேட்டால் பதில் வராது. திரும்பி வருகிறவருக்கு அடையாளம் தெரிய வேண்டாமா?

அவள் எந்த நிறத்துக்கும் மாறுவாள். அந்தப் பச்சைக்கு மட்டும் இன்னும் மாற முடியவில்லை.

கரையில் உள்ளவர்கள் அவளைப் பிடிக்க வெறும் சங்குகளைக் கயிற்றில் கோத்துக் கடலுக்குள் இறக்குகிறார்கள். உள்ளே இரை கிடையாது, முள் கிடையாது. இருந்தும் அவள் வந்து நுழைகிறாள். மேலே இழுக்கும்போது விட்டுவிட்டுத் தப்பி ஓடலாம்; விடுவதில்லை. தோணியில் போட்ட பிறகும் பிடி தளராது. "புத்தி கெட்ட பேய்," என்று சொல்லிக்கொண்டே ஒவ்வொரு கையாகப் பிய்த்து எடுக்கிறார்கள். புத்தி இல்லாமலா? வரக்கூடாது என்று புத்தியோடு ஒருமுறை உள்ளேயே இருந்தாளே, அன்றைக்குத்தான் உண்மையாகவே அவள் மீன் வந்திருந்தது.

அன்று முதல்தான், மேலிருந்து கயிற்றில் எது இறங்கி வந்தாலும், அதற்குள் கைவிட்டு அடிவரை தடவிப் பார்க்காமல் அவள் இருப்பதில்லை.